பொன் மெய்யானால் காசும் மெய்யாமா? பழைய ஜெர்மானியப் பொற்காசுகளை இணையத்தில் வாங்குவோர் அறிய வேண்டுவன

முன்னுரை

சங்கப் புலவர் சிலரின் பெயர்களில் 'வண்ணக்கன்' என்னும் அடைமொழி காணப்படுகின்றது. வடம வண்ணக்கன் தாமோதரனார், விற்றூற்று வண்ணக்கன் தத்தனார் ஆகியோரை எடுத்துக்காட்டாகக் கூறலாம். நாணயத்தை ஆராய்ந்து நல்லது இது, தீயது இது எனத் தெளிந்து கூறுபவனே வண்ணக்கன் என்பர். காசு வழங்கிய இடமெல்லாம் கள்ளக்காசும் உடன் வழங்கியது என்பதற்கு இச்சொல்லே சான்றாகும். கள்ளம் இல்லையேல் ஆராய்வானுக்கு என்ன வேலை?

தமிழில் 'நாணயம்' என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். காசை வாங்குபவன் அதைத் தருபவனின் நேர்மையையும் உடன் எடைபோட வேண்டியுள்ளது என்பதை இவ்விருபொருள் நமக்கு உணர்த்துகின்றது. கடையில் நேரே சென்று வாங்கும்போது காசு நம் உள்ளங்கையில் இருக்கும். விற்பவர் நம் கண்முன் இருப்பார். இணையத்தில் வாங்கும்போது இவ்விரண்டும் இல்லை. ஒரு படமும் நான்கு வரி விளம்பரமும் மட்டுமே நம்முன் உள்ளன. இந்நிலையில் மெய்ம்மையை எவ்வாறு துணிவது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு ஜெர்மனியின் பழைய பொற்காசுகளை எடுத்துக்கொள்வோம். இணையச் சந்தையில் இவை நாள்தோறும் கைமாறுகின்றன. அன்றியும், இவற்றின் எடையும் மாற்றும் சட்டத்தால் வரையறுக்கப்பட்டவை. ஆகவே, மெய்யை அளக்கும் கோல் நம்மிடம் முன்னரே உள்ளது. ஓய்வூதியத்தில் மிச்சம்பிடித்து ஒரு காசு வாங்கும் முதியவர்க்கும், ஊதியத்தில் சிறிது சேமிக்கும் இளைஞர்க்கும் ஒரே தவறு பல மாத உழைப்பை விழுங்கிவிடக்கூடும். எனவே, இது செல்வர்களின் பொழுதுபோக்குப் பற்றிய செய்தி மட்டும் எனக் கருதலாகாது.

அரசு தந்த உறுதி

1871-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஜெர்மானிய நாடுகள் ஒன்றிணைந்து ஒரு பேரரசாயின. அதற்கு முன்னர் அங்கு ஒவ்வொரு நாடும் தனக்கென நாணயம் அடித்து வந்தது. ஆயிரத்தில் 986 பங்கு பொன்னும் ஏறத்தாழ 3.49 கிராம் எடையும் கொண்ட டுகாட் எனும் காசு, 1559-ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தால் பழைய பேரரசின் பொற்காசாக ஏற்கப்பட்டது. பிரஷ்யாவில் பிரீட்ரிக் டோர் வழங்கியது. 1857-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி 10 கிராம் தூய பொன் கொண்ட குரோன் அடிக்கப்பட்டது. இப்பன்மையை நீக்கவே 1871 திசம்பர் 4-ஆம் நாள் பொன் நாணயச் சட்டம் பிறந்தது. மார்க் என்னும் ஒரே நாணயம் நாடெங்கும் வந்தது.

அச்சட்டம் கூறிய கணக்கு எளியது. 500 கிராம் தூய பொன்னிலிருந்து நூற்று முப்பத்தொன்பதரைப் பத்து மார்க் காசுகள் அடிக்கப்பட வேண்டும். பொன் 900 பங்கு, செம்பு 100 பங்கு என்பது கலவை. நம்மூர்க் கணக்கில் சொன்னால் இது 21.6 காரட், நாம் வழங்கும் 22 காரட்டைவிடச் சிறிது குறைவு. இதன்படி 20 மார்க் காசின் மொத்த எடை 7.965 கிராம், அதில் தூய பொன் 7.168 கிராம். 10 மார்க் காசின் எடை 3.982 கிராம். 1877, 1878 ஆண்டுகளையொட்டி அடிக்கப்பட்டு விரைவில் கைவிடப்பட்ட 5 மார்க் காசின் எடை 1.991 கிராம். நாம் 'பவுன்' எனக் கொள்ளும் அளவுக்கு மூலமான பிரித்தானியச் சவரனின் எடை 7.988 கிராம் என்பதை நினைவிற் கொண்டால், 20 மார்க் காசு ஏறக்குறைய ஒரு பவுன் எடை என்பது எளிதில் விளங்கும்.

புழக்கத்தில் தேய்ந்த காசுக்கும் அச்சட்டம் எல்லை வகுத்தது. உரிய எடையில் ஆயிரத்தில் 5 பங்குக்கு மேல் குறையாத காசு முழு மதிப்புடையதாகவே ஏற்கப்பட்டது. 20 மார்க் காசுக்கு இவ்வெல்லை 7.925 கிராம் அளவில் அமையும். இதன் பொருள் என்ன? வாங்குபவன் ஒவ்வொரு முறையும் தராசு தூக்க வேண்டியதில்லை. அரசின் முத்திரையே தராசு என்பதாகும். 1914 ஆகஸ்டில் போர் மூண்டதும் தாளைப் பொன்னாக மாற்றித் தரும் கடமையினின்று அரசு விலகிக்கொண்டது. 1938-இல் இக்காசுகள் சட்டமுறைச் செலாவணி என்னும் தகுதியையும் இழந்தன. அன்றுமுதல் அவற்றுக்குப் பின்னே உறுதி கூற எந்த அரசும் இல்லை. ஆராயும் பொறுப்பு மீண்டும் வாங்குபவன் தோளிலேயே விழுந்துள்ளது.

முகமும் ஆண்டும் எழுத்தும்

பேரரசு ஒன்றாயினும் அதனுள் 22 மன்னராட்சிப் பகுதிகளும் 3 சுதந்திர நகரங்களும் அடங்கியிருந்தன. எனவே, பொற்காசின் ஒரு பக்கம் அந்தந்தப் பகுதிக்குரியது. அரசன் முகமோ நகரின் சின்னமோ அதில் இருக்கும். மறுபக்கம் அனைவர்க்கும் பொது. அதில் பேரரசின் கழுகு இருக்கும். இக்கழுகும் காலந்தோறும் மாறியது. 1871 முதல் 1873 வரையிலான காசுகளில் மதிப்பு '20' என்ற எண்ணுடன் மார்க்கின் முதலெழுத்தால் மட்டும் குறிக்கப்பட்டது. 1874 முதல் மார்க் என்னும் சொல் முழுமையாக இடம்பெற்றது. 1890 முதல் கழுகின் உருவம் பெரிதாகி, அதன் மார்பிலுள்ள கேடயம் சிறிதாயிற்று.

அடித்த இடத்தைக் காட்டச் சிறு எழுத்து ஒன்று பொறிக்கப்பட்டது. 'ஏ' பெர்லின், 'பி' ஹனோவர், 'சி' பிராங்பர்ட், 'டி' மியூனிக், 'எஃப்' ஸ்டுட்கார்ட், 'ஜி' கார்ல்ஸ்ரூ, 'எச்' டார்ம்ஸ்டாட், 'ஜே' ஹாம்பர்க் ஆகிய அக்கசாலைகளைக் குறிக்கும். 'இ' எனும் எழுத்து முதலில் டிரெஸ்டனையும், 1887 முதல் மியூல்டன்ஹியூட்டனையும் குறித்தது.

அரசன் முகம், ஆண்டு, எழுத்து, கழுகின் வடிவம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று சாட்சிகள். ஒருவர் கூறுவதை மற்றவர் மறுத்தால் வழக்கு பொய்யென்று துணியலாம். பவேரியாவின் பொற்காசில் 'டி' என்னும் எழுத்தே வரவேண்டும். வூர்ட்டம்பர்க் காசில் 'எஃப்', பாடன் காசில் 'ஜி', சாக்சனி காசில் 'இ' என்பனவே வரும். பேரரசர் மூன்றாம் பிரீட்ரிக் 1888-ஆம் ஆண்டில் 99 நாள்களே ஆண்டு மறைந்தார். ஆகவே அவர் முகத்துடன் 1889 என்ற ஆண்டு வருமாயின், அடுத்த வினாவுக்கே இடமில்லை. பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக் 1886-இல் இறந்தார். அவர் முகத்தின் பின்னே 1890-க்குரிய பெரிய கழுகு காணப்படின், இரு வேறு காசுகளின் பக்கங்களை எவரோ அறியாமையால் இணைத்துள்ளனர் என்பது வெள்ளிடைமலை. கள்ளக்காசு அடிப்பவன் கைத்திறன் மிக்கவனாக இருக்கலாம்; வரலாறு படித்தவனாக இருக்க வேண்டும் என்பதில்லை. இத்தகைய பிழைகளைப் படத்தைக் கொண்டே, ஒரு காசும் செலவின்றிக் கண்டுகொள்ளலாம்.

இவ்வொப்பீட்டுக்குத் துணையாவது குர்ட் யேகர் தொகுத்த நாணய அட்டவணை நூலாகும். ஜெர்மானிய வணிகர் அனைவரும் 'யேகர் எண்' கொண்டே காசைச் சுட்டுவர். இரண்டாம் வில்ஹெல்மின் பெரிய கழுகு 20 மார்க் காசு யேகர் 252; மூன்றாம் பிரீட்ரிக்கின் 20 மார்க் காசு யேகர் 248. விளம்பரத்தில் தரப்பட்ட எண்ணும் படத்திலுள்ள காசும் பொருந்துகின்றனவா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும்.

பொய்யின் வகைகள்

போலிகள் அனைத்தும் ஒரே வகையின அல்ல. அவற்றை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, பொன்முலாம் பூசிய பித்தளை அல்லது செம்பு. இது எளியது, எளிதில் பிடிபடுவது. பொற்கலவையின் அடர்த்தியில் ஏறத்தாழப் பாதியே பித்தளையின் அடர்த்தி. ஆகவே விட்டம் சரியாக இருந்தால் எடை குறையும். எடையைச் சரிசெய்தால் காசு இருமடங்கு தடிக்கும். இரண்டையும் ஒருங்கே ஒப்பேற்றுதல் இயலாது.

இரண்டாவது, மாற்றுக் குறைந்த பொன்னில் வார்த்த காசு. மெய்யான காசு இரும்பு அச்சுகளின் பேரழுத்தத்தில் அடிக்கப்பட்டது. வார்த்த காசில் எழுத்துகளின் ஓரம் மழுங்கியும், வெற்றிடத்தில் நுண்கொப்புளங்கள் எழுந்தும், சிலபோது விளிம்பில் ஒட்டுக்கோடு ஓடியும் காணப்படும்.

மூன்றாவது, மெய்யான காசையே திருத்திப் பொய்யாக்குதல். மலிவாகக் கிடைக்கும் காசின் ஆண்டையோ எழுத்தையோ சுரண்டி மாற்றி அரிய காசாக்கும் தந்திரம் இது. எடையும் மாற்றும் விட்டமும் முற்றிலும் சரியாக இருக்கும்; ஏனெனில் காசு மெய்யானதே. பொய் அந்த ஓர் எழுத்தில் மட்டும் உறைகின்றது. உருப்பெருக்கியின் கீழ் அவ்வெழுத்தைச் சுற்றியுள்ள தளம் பிற இடங்களினின்று வேறுபட்டுத் தோன்றும்.

நான்காவதே நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. உரிய மாற்றுடைய பொன்னிலேயே, உரிய எடையிலேயே, புதிய அச்சுகொண்டு அடித்த காசு. 'பொன்னையே போட்டுக் கள்ளக்காசு அடிப்பானா?' என்று வியப்போர் உளர். ஒரு காசின் சந்தை விலை அதிலுள்ள பொன்னின் விலையைவிடக் கூடுதலாக இருக்கும் போதெல்லாம் அவ்விடைவெளியே கள்ளனின் ஊதியமாகின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெய்ரூட் நகரில் பிரித்தானியச் சவரன்கள் இவ்வாறே மெய்ப்பொன்னில் அடிக்கப்பட்டன.

இதற்கும் முன்னோடி ஜெர்மனியிலேயே இருந்தான். 1772-இல் பிறந்து 1830-இல் இறந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் என்பவன் பழங்கால நாணயங்களைத் தன் கையாலேயே அச்சு வெட்டி அடித்தான். புதுக்காசின் பளபளப்பைப் போக்க, அவற்றை இரும்புத்தூளுடன் ஒரு பெட்டியிலிட்டு, அப்பெட்டியைத் தன் குதிரைவண்டியில் கட்டி நெடுந்தொலைவு ஓட்டிச் செல்வானாம். அக்காலத்துக் காசறிஞர் பலர் அவனிடம் ஏமாந்தனர். அவன் வெட்டிய அச்சுகள் இன்று பெர்லின் நாணய அருங்காட்சியகத்தில் உள்ளன. பின்வந்த அறிஞர்க்கு அவையே ஒப்புநோக்கும் கருவியாயின என்பது எண்ணி மகிழத்தக்கது.

எனவே நாம் தெளிய வேண்டுவது இதுவே: உரைகல் பொன்னுக்கு மட்டுமே சான்று கூறும், காசுக்குச் சான்று கூறாது. 'பொன்னா?' என்பது ஒரு வினா; 'அந்த ஆண்டில், அந்த அக்கசாலையில் அடித்ததா?' என்பது மற்றொரு வினா. முன்னதற்கு விடை கிடைத்ததும் பின்னதற்கும் கிடைத்துவிட்டதாக எண்ணுதலே இத்துறையில் நேரும் பெரும்பிழை.

தபோரா யானைக்காசு கற்பிக்கும் பாடம்

இவ்வுண்மையை விளக்க ஓர் அரிய காசினைக் காண்போம். ஆப்பிரிக்காவில் இன்றைய டான்சானியாவின் பெரும்பகுதி அன்று ஜெர்மானியக் கிழக்காப்பிரிக்காவாக இருந்தது. இந்தியப் பெருங்கடல் வாணிகத்தால் அக்கரையெங்கும் இந்திய ரூபாய் பரவியிருந்தமையின், ஜெர்மானியர் அங்கு மார்க்கை விடுத்து 'ரூபி' என்னும் பெயரிலேயே நாணயம் வெளியிட்டனர். முதல் உலகப்போரில் தாய்நாட்டுத் தொடர்பு அறுந்ததால், 1916-இல் தபோரா என்னும் ஊரின் இருப்புப்பாதைப் பட்டறையில் உள்ளூர்ச் சுரங்கப் பொன்கொண்டு 15 ரூபி காசுகள் அடிக்கப்பட்டன. மலைப் பின்னணியில் துதிக்கை உயர்த்திய யானை ஒன்று அதில் உண்டு. அடிக்கப்பட்டவை 16,198 மட்டுமே.

இக்காசின் மாற்று ஆயிரத்தில் 750 பங்கே. ஆகவே, '15 ரூபி, 900 பங்கு பொன்' என ஒருவர் விளம்பரம் செய்வாராயின் அவர் தம் பொருளைப் புகழ்வதாக எண்ணி அதன் பொய்ம்மையைத் தாமே உரைக்கின்றார். இங்கு மாற்றுக் கூடுதலே குற்றம். போர்க்காலப் பட்டறையில் அடித்த காசு பெர்லின் அக்கசாலைக் காசினைப்போல் வடிவமைதி பெற்றிராது. மாசுமறுவற்ற, ஒளிவீசும் யானைக்காசு மலிவாக வருமாயின் அந்த அழகே ஐயத்துக்கு இடந்தருகின்றது.

ஜெர்மானிய நியூகினிக்காக 1895-இல் பெர்லினில் அடிக்கப்பட்ட சொர்க்கப்பறவைக் காசுகளும் இத்தகையனவே. 20 மார்க் காசுகள் 1,500, பத்து மார்க் காசுகள் 2,000 என்ற அளவிலேயே அவை அடிக்கப்பட்டன. இத்துணை அரிய காசு இணையத்தில் எளிய விலையில் தோன்றினால், பறவை பறந்து வந்த கூட்டை நாம் தேடித்தான் ஆகவேண்டும்.

விளம்பரச் சொற்களின் பொருள்

ஜெர்மானிய விற்பனையாளர் கையாளும் சொற்கள் சில, அகராதிப் பொருளினின்று விலகி நிற்பவை. அவற்றை அறியாதார் ஏமாற்றப்படாமலே ஏமாறுவர்.

காசின் நிலையைக் கூறும் படிகள் நான்கினைக் கொள்வோம். 'ஷ்டெம்பல்கிளான்ஸ்' என்பது அச்சிலிருந்து வந்த ஒளி மாறாத நிலை. 'ஃபோர்ட்சூக்லிஷ்' என்பது சிறிதே தேய்ந்த நிலை. அடுத்தது 'சேர் ஷோன்'. இதற்கு 'மிக அழகு' என்பது சொற்பொருள். ஆயினும் நாணயத்துறையில் இது கண்ணுக்குப் புலப்படத் தேய்ந்த இடைநிலையையே குறிக்கும். வெறும் 'ஷோன்', அதாவது 'அழகு' என்பது மேலும் தேய்ந்த நிலை. அகராதியை நம்பி 'மிக அழகு' எனக் கொண்டு உயர்விலை கொடுப்பவர் பின்னர் வருந்த நேரிடும்.

'போலியெர்ட்' என்ற சொல்லைக் கண்டதும் தமிழர்க்குப் 'போலி' என்னும் சொல் நினைவுக்கு வரும். பொருள் அதுவன்று, மெருகிடப்பட்டது என்பதே பொருள். காசு மெய்யாகவே இருக்கலாம். ஆனால் மேற்பரப்பு தேய்க்கப்பட்டதால் சேகரிப்போரிடம் மதிப்பிழந்தது. 'ஹெங்கெல்ஷ்பூர்' என்பது, காசினை ஒருகாலத்தில் வளையமிட்டுக் கழுத்தணியாக அணிந்து, பின் வளையத்தை நீக்கிய தழும்பாகும். நம்மவர் காசுமாலைக்குக் கண்ணி வைத்த தழும்பை ஒத்தது இது.

'கோபி', 'ரெப்ளிக்' என்பன படியைக் குறிக்கும் சொற்கள். 'ஃபெர்கோல்டெட்' என்றால் பொன்முலாம் பூசியது. 'நாக்பிரேகுங்', 'நொய்பிரேகுங்' என்பன பிற்காலத்தில் மீண்டும் அடித்ததைக் குறிப்பன. இவற்றுள் பின்னவை குற்றமுடையன என்று பொதுப்படக் கூறலாகாது. ஜெர்மானியக் காசுகளோடு சேர்த்து விற்கப்படும் ஆஸ்திரிய டுகாட் காசுகளில் 1915 என்ற ஆண்டு பொறித்தவை பிற்காலத்தில் ஆஸ்திரிய அக்கசாலையே முறையாக மீண்டும் அடித்தவை. அவற்றின் பொன் மெய், ஆண்டு மட்டும் பழையது. விற்பவர் அதை வெளிப்படையாகக் கூறினால் அது நாணயம். தலைப்பில் 'பழம்பெரும் பொற்காசு' எனப் பெரிதாக எழுதி, விளக்கத்தின் கடைசி வரியில் 'நொய்பிரேகுங்' என ஒளித்து வைத்தால் அது நாணயமன்று. ஆகவே விளம்பரத்தைத் தலைப்பிலிருந்து படிப்பதினும் கடைசி வரியிலிருந்து படித்தல் நன்று.

படத்தை ஆராயும் முறை

காசின் இரு பக்கப் படங்களோடு விளிம்பின் படமும் தேவை. 20 மார்க் காசின் பக்கவிளிம்பில் 'கடவுள் எம்முடன்' என்னும் பொருளுடைய மூன்று ஜெர்மானியச் சொற்கள் உள்வெட்டெழுத்தில் உள்ளன. 10 மார்க் காசின் விளிம்பில் கொடிவேலைப்பாடு உண்டு. முகப்பை மெய்போலச் செய்யும் கள்ளர் பலர் விளிம்பில் தடுமாறுகின்றனர். எழுத்துகள் மங்கலாகவோ புடைப்பாகவோ இருப்பின் விலகுதல் நலம். விற்பவர் விளிம்பின் படத்தைத் தர மறுப்பாராயின் அம்மறுப்பையே விடையாகக் கொள்க. அன்றியும், காசின் முகப்பை நிமிர்த்திப் பிடித்து இடவலமாகத் திருப்பினால் பின்பக்கக் கழுகும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். தலைகீழாக நின்றால் ஐயுறுக.

ஒரே விற்பனையாளர் பல காசுகளை விற்பாராயின், அவற்றின் படங்களை அடுத்தடுத்து வைத்து நோக்குக. நூறாண்டு புழங்கிய இரு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே வடிவில் கீறலோ பள்ளமோ அமைவது இயல்பன்று. அமைந்தால், கீறலுள்ள ஒரு காசினைக் கொண்டு அச்சு செய்து, அவ்வச்சினால் பல காசுகள் அடித்துள்ளனர் என்று கொள்ளலாம். கள்ளக்காசைக் காட்டிக்கொடுக்கும் சாட்சிகளுள் இது மிக வலியது.

படமே பிறருடையதாக இருத்தலும் உண்டு. இக்காலத்தில் இல்லாத காசின் படத்தைக் கணினியே புனைந்து தரவும் வல்லது. ஆகவே, அன்றைய நாளைத் தாளில் கையால் எழுதி, அதனருகே காசினை வைத்து எடுத்த படம் ஒன்றையும், தராசின் மேல் காசு இருக்கும் படம் ஒன்றையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். நேர்மையானவர் இதற்குச் சினங்கொள்ளார்.

சேகரிப்போர் விரும்பும் அரிய காசுகளை ஆய்ந்து, கண்ணாடி போன்ற உறையில் முத்திரையிட்டுத் தரும் நிறுவனங்கள் அமெரிக்காவில் உள்ளன. 1986-இல் தோன்றிய பி.சி.ஜி.எஸ்., 1987-இல் தோன்றிய என்.ஜி.சி. ஆகியவை பெயர்பெற்றவை. ஆனால் உறையையே போலியாகச் செய்வாரும் உளர். எனவே உறையிலுள்ள எண்ணை அந்நிறுவனத்தின் இணையப் பதிவேட்டில் இட்டு, அங்குள்ள விவரம் காசோடு பொருந்துகின்றதா எனக் காணல் வேண்டும். எண் மெய்யாயிருந்து காசு வேறாதலும் கூடும்.

விலை கூறும் உண்மை

20 மார்க் காசில் 7.168 கிராம் தூய பொன் உண்டு என்றோம். அன்றைய பொன்விலையால் இதனைப் பெருக்கினால் காசின் அடிப்படை மதிப்பு கிடைக்கும். எந்த ஊரின் பொன் வணிகரும் உருக்கும் கூலி கழித்து இதற்கு நெருங்கிய தொகை தருவர். அவ்வாறிருக்க, முன்பின் அறியாத ஒருவர் அதில் பாதி விலைக்கு நமக்குத் தர முன்வருவது ஏன்? அவர் வள்ளலாக இருக்க வேண்டும். அன்றேல் காசு பொன்னாக இருத்தல் கூடாது. 'தாத்தா பெட்டியில் கிடைத்தது, எனக்கு ஒன்றும் தெரியாது' என்பது இத்தகைய விளம்பரங்களில் வழங்கும் வாய்பாடு. தெரியாதவர் ஊர்க்கடையில் ஒருமுறை காட்டியிருந்தாலே தெரிந்திருக்கும்.

விற்பவர் வணிகரா, தனியாளா என்பதும் நோக்கத்தக்கது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வணிகரிடம் தொலைவிலிருந்து வாங்கும் பொருளைப் பதினான்கு நாள்களுக்குள் திருப்பித் தரும் உரிமை நுகர்வோர்க்குப் பொதுவாக உண்டு. ஆயினும் நிதிச்சந்தையின் ஏற்ற இறக்கத்தால் விலை மாறும் பொருள்களுக்கு இவ்வுரிமை இல்லையென ஜெர்மானியச் சட்டம் விலக்கு அளிக்கின்றது; பொன் வணிகர் இவ்விலக்கைச் சுட்டுவது உண்டு. தனியாள் விற்பனைக்கு இவ்வுரிமையே இல்லை. எனவே, 'போலியெனத் தெரியவந்தால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும்' என்ற உறுதியை எழுத்தில் பெறாமல் பணம் அனுப்பலாகாது. பணத்தையும் மீட்க வழியுள்ள முறையிலேயே செலுத்துதல் வேண்டும்.

காசு கைக்கு வந்தபின்

உறுதிமொழிக் காலம் முடியுமுன் ஆய்வை முடித்தல் இன்றியமையாதது. முதலில் நூற்றில் ஒரு கிராம் காட்டும் தராசில் எடை. அடுத்து வெர்னியர் அளவியால் விட்டம். 20 மார்க் காசுக்கு 22.5 மில்லிமீட்டர், 10 மார்க் காசுக்கு 19.5 மில்லிமீட்டர். காந்தம் ஒட்டவில்லை என மகிழ்வதால் பயனில்லை. செம்பும் பித்தளையும்கூடக் காந்தத்தில் ஒட்டா.

மூன்றாவது, ஆர்க்கிமிடீஸ் காட்டிய வழியில் ஒப்படர்த்தி காணல். காசினை மெல்லிய நூலில் கட்டி, நீர் நிறைந்த கிண்ணத்தில் அடிதொடாமல் தொங்கவிட வேண்டும். தராசின் மேலிருக்கும் அக்கிண்ணத்தின் எடை, காசு வெளியேற்றும் நீரின் அளவுக்கு உயரும். 7.965 கிராம் காசுக்கு இவ்வுயர்வு ஏறத்தாழ 0.46 கிராம். எடையை இதனால் வகுத்தால் 17.2 முதல் 17.3 வரை வரும். இதுவே 900 பங்கு பொற்கலவையின் ஒப்படர்த்தி. பித்தளையானால் 8.5-ஐ ஒட்டி நிற்கும். டங்ஸ்டன் உள்ளீடு வைத்து ஏமாற்றுவோர் உளர் என்ற அச்சமும் உண்டு. டங்ஸ்டனின் அடர்த்தி தூய பொன்னுக்கு ஒப்பானது. ஆனால் நம் காசு தூய பொன்னன்று, செம்பு கலந்தது. ஆகவே உள்ளீடு பெரிதும் டங்ஸ்டனாக இருப்பின் விடை 17-ஐத் தாண்டி 19-ஐ நோக்கி ஏறும், கள்ளம் வெளிப்படும்.

நகைக்கடைகளிலுள்ள எக்ஸ் கதிர்க் கருவி மாற்றைக் கூறும். எனினும் அது மேற்பரப்பையே படிக்கும் என்பதை மறத்தல் ஆகாது. முலாம் தடித்திருப்பின் கருவியும் ஏமாறும். எனவே அதனை ஒப்படர்த்தியோடு சேர்த்தே கொள்ளல் வேண்டும். உரசுதல், அரம் போடுதல், அமிலம் தொடுதல் ஆகியன கூடா. மெய்யான காசுக்கு அவை ஊறு விளைக்கும். திருப்பியனுப்பும் உரிமையையும் கெடுக்கும்.

இவையனைத்தும் தேறியபின்னும், முன்னர்க் கூறிய நான்காம் வகைப் போலி எஞ்சி நிற்கலாம். அதனை அளவைகள் காட்டா. அச்சின் நுண்மையை மெய்க்காசோடு ஒப்பிட்டறியும் பழகிய கண்ணே காட்டும். பொன்விலையை ஒட்டி வாங்கிய எளிய காசில் இவ்விழப்பு சிறிது. அருமைக்காகப் பன்மடங்கு விலை கொடுத்த காசில் இழப்பும் பன்மடங்கு. ஆகவே பொன்னுக்காக வாங்குவோர் மிகுதியாகக் கிடைக்கும் பிரஷ்யக் காசுகளோடு நிற்றல் அறிவுடைமை. அருமைக்காக வாங்குவோர் துறையறிந்த ஏலநிலையத்தாரின் எழுத்துறுதியின்றி வாங்காமை அறிவுடைமை.

நிறைவுரை

வள்ளுவப் பெருந்தகை, மாந்தரின் பெருமை சிறுமைகளை அறியும் கட்டளைக்கல் அவரவர் செயலே என்று தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் காட்டினார். இணையச் சந்தைக்கும் இது பொருந்தும். விளிம்பின் படத்தை உடனே தந்தாரா, எடையை மறைக்காது கூறினாரா, குறையைத் தலைப்பிலேயே சொன்னாரா, திருப்பிப் பெற ஒப்பினாரா என்னும் செயல்களே விற்பவரை உரைத்துக் காட்டும் கல்லாகும்.

போலிக்காசு ஒருவர் பணத்தை மட்டும் கவர்ந்து நிற்பதில்லை. அடிக்கப்படாத காசினை அடிக்கப்பட்டதாகக் காட்டி, வரலாற்றுப் பதிவேட்டில் பொய்யெழுத்து ஒன்றையும் சேர்க்கின்றது. அதனை அறியாது வாங்கியவர் நாளை நல்லெண்ணத்தோடு பிறர்க்கு விற்பார். பொய், நேர்மையானவர் கைவழியாகவே நெடுந்தொலைவு செல்லும். ஆராய்ந்து வாங்குதல் தன்னலம் மட்டுமன்று, அடுத்துப் பெறுவார்க்குச் செய்யும் நன்மையுமாகும். பொன்னைத் தராசு சொல்லும். காசை வரலாறு சொல்லும். விற்பவரை அவர் நடத்தை சொல்லும். இம்மூன்றும் ஒருங்கே ஒப்புக்கொண்ட பின்னரே நாம் பணப்பையைத் திறத்தல் வேண்டும்.